கரை கண்டும் இறங்காதது ஏன்?

விழா மலரொன்றிலே கல்லூரியின் வரலாறும் ஆசிரியர்தம் பெருமையும் பேசப்படுதல் மரபு. ஆயினும் எமது கல்லூரி நிற்கும் நகரை உலகறியச் செய்தது அதன் துறைமுகமேயாதலின், அத்துறையோடு தொடர்புடைய பொருளொன்றை இங்கு ஆராயப் புகுகின்றோம். பழைய மாணவருட் பலர் கடல்கடந்து வாழ்பவர். சிலர் உல்லாசக் கப்பல்களிற் பயணஞ் செய்பவர். இன்றைய மாணவருட் சிலர் நாளை அத்தகைய பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவோ, துறைமுக உத்தியோகத்தராகவோ விளங்கக்கூடும். ஆதலின் இஃது இருசாராருக்கும் பயன்படும் என நம்புகின்றோம்.

உல்லாசக் கப்பலொன்று திருக்கோணமலைக்கு வரவிருக்கும் நாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன்பே பஸ் வண்டிகள் வரிசையாய் நிற்கின்றன. வழிகாட்டிகள் பெயர்ப்பலகை ஏந்திக் காத்திருக்கின்றனர். கோணேசர் ஆலயத்துக்குச் செல்லும் வழியிலே இளநீர் விற்போரும் சிறுகடைக்காரரும் வழமையிலும் மிகுதியாகப் பொருள் சேர்த்து வைத்திருக்கின்றனர். நிலாவெளிப் படகுக்காரர் எரிபொருள் நிரப்பிவிட்டார். கப்பலிலோ நூற்றுக்கணக்கானோர் காலையுணவை முடித்துத் தொப்பியுங் கையுமாய் நிற்கின்றனர். அவ்வேளையில் ஒலிபெருக்கி பேசுகின்றது: இன்றைய கரை உலா இரத்துச் செய்யப்பட்டது. வானமோ தெளிந்திருக்கின்றது, கடலும் மேலோட்டமாய் நோக்குவார்க்கு அமைதியாகவே தோன்றுகின்றது. கப்பலில் உள்ளோர் முணுமுணுக்கின்றனர். கரையில் உள்ளோர் ஒருநாள் வருவாயை இழக்கின்றனர். இருசாராரும் ஒரே வினாவை எழுப்புகின்றனர்: இதனை நேற்றே சொல்லியிருக்கலாகாதா?

இவ்வினாவுக்கு விடை காணுமுன் ஓர் உண்மையை மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். தமிழர் விடைபெறும்போது 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'போய்வருகிறேன்' என்றே சொல்லுவர். செலவினுள் மீட்சியும் அடங்கியிருத்தல் வேண்டும் என்பது நம்மவர் கருத்து. கப்பற்றலைவர் தம் பயணிகளைக் கரையில் இறக்கும்போது கொள்ளுங் கருத்தும் இதுவே. 'இவர்களைக் கரை சேர்க்க இயலுமா?' என்பது அவருடைய முழு வினாவன்று. 'மாலையில் இவர்கள் அனைவரையும் ஊறின்றி மீட்டுக்கொள்ள இயலுமா?' என்பதே அவர் தம்மைக் கேட்டுக்கொள்ளும் வினா. இறக்குதல் எளிது, ஏற்றுதல் அரிது. கடலில் உயிர்ப்பாதுகாப்புப் பற்றிய சருவதேச உடன்படிக்கையும், பாதுகாப்பின்பொருட்டுக் கப்பற்றலைவர் தம் அறிவின்படி செய்யும் முடிபைக் கப்பற் சொந்தக்காரரும் தடுத்தலாகாது என விதித்துள்ளது.

கரையிறங்கியோர் திரும்பாவிடின் நேரும் துன்பத்துக்கு எமது கொட்டியாரக் குடாவே சான்று பகரும். 1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் மசூலிப்பட்டினத் துறையிற் புயலுக்கு இலக்காகிப் பாய்மரத்தை இழந்தது. புதிய பாய்மரம் நாட்டுதற்கும் வாணிகஞ் செய்தற்கும் அது கொட்டியாரத்துக்கு வந்தது. கரையிறங்கிய தலைவர் நொக்ஸையும் அவர் மைந்தர் றொபேட் நொக்ஸையும் மற்றுஞ் சிலரையும், 1660ஆம் ஆண்டிலே கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் சிறைப்படுத்தினர். கப்பலுக்குச் செய்தி கொண்டுபோக அனுப்பப்பட்ட மைந்தர், அங்குள்ளோரை எச்சரித்துவிட்டுத் தந்தையைப் பிரிய மனமின்றி மீண்டுங் கரைக்கே வந்தார். தந்தை மறு ஆண்டிலே சிறையில் இறந்தார். மைந்தர் 1679ஆம் ஆண்டிலேதான் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நீண்ட அச்சிறைவாழ்வின் பயனாகப் பிறந்த நூல், 1681ஆம் ஆண்டிலே இலண்டனில் வெளிவந்து, இலங்கையின் பெயரை மேனாட்டார் பலர்க்கு அறிமுகஞ் செய்தது. ஒருநாட் செலவாக எண்ணிக் கரையிறங்கியவர்க்கு நேர்ந்த கதி இது.

இன்று அரசர் எவரும் பயணிகளைச் சிறைப்படுத்துவதில்லை. ஆனாற் காற்றும் அலையும் காலமும் அன்றுபோலவே இன்றும் இடைநின்று தடுக்கின்றன. சென்னைப் பட்டினத்தின் பழைய கதை இதனை நன்கு விளக்கும். அங்கே 1875ஆம் ஆண்டிலே செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்படும்வரை, கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டன. பயணிகள் மசூலாப் படகுகளிலே கரை சேர்ந்தனர். அப்படகுகளின் பலகைகள் ஆணியால் அறையப்படாது கயிற்றால் தைக்கப்பட்டிருந்தமையால், அலை மோதும்போது அவை பிளவாது வளைந்து கொடுத்தன. அலை மிகும் நாளிலே படகுகள் செல்லலாகாதெனக் கரையிற் கொடியேற்றி அறிவிப்பர். அத்தகைய நாளிலும் கட்டுமரக்காரர் கடிதங்களைச் சுமந்து கப்பலுக்குச் சென்று மீண்டனராம். கடிதம் செல்லலாம், மனிதர் செல்லலாகாது. அக்கொடியின் வழித்தோன்றலே இன்றைய ஒலிபெருக்கி அறிவித்தல் எனலாம்.

இனி, கப்பலிலிருந்து கரையிறங்கும் முறையை நோக்குவோம். அது இருவகைப்படும். கப்பல் ஜெட்டியை அணைந்து நிற்குமாயின், பயணிகள் ஏணிப்பாலத்தால் நடந்து இறங்குவர். அணைதற்கு இடமில்லாதவிடத்துக் கப்பல் நங்கூரமிட்டு நிற்க, தெண்டர் எனப்படும் சிறு படகுகள் பயணிகளை ஏற்றியிறக்கும். உலகிலே கரை உலாக்கள் பெரிதும் இரத்தாவது இவ்விரண்டாம் வகைத் துறைகளிலேயே. தென் அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள போக்லாந்துத் தீவுகளின் தலைநகரான ஸ்ரான்லியும், கரிபியன் கடலிலுள்ள கிராண்ட் கேமன் தீவும் இதற்குப் பேர்போனவை.

தெண்டர் படகின் இடர் யாது? கப்பலின் பக்கத்தேயுள்ள சிறு மேடைக்கும் படகின் விளிம்புக்கும் இடையிலுள்ள ஓரடியே இடர். அலையிலே கப்பல் ஒருவிதமாகவும் சிறுபடகு வேறுவிதமாகவும் எழுந்து தாழ்கின்றன. படகு ஒரு மீற்றர் எழுந்து ஒரு மீற்றர் தாழுமாயின், இருபது வயது மாணவன் தாவிவிடுவான். எழுபத்தைந்து வயது முதியவர் யாது செய்வார்? உல்லாசக் கப்பற் பயணிகளுட் பலர் முதியோர் என்பதை மறத்தலாகாது. மேலும், காலையில் இறங்குவோர் தத்தமக்கு வேண்டிய நேரத்திற் பிரிந்து இறங்குவர். மாலையிலோ பெரும்பாலார் ஒருங்கே திரும்புவர். கரை வெப்பமேறும் நாளிலே கடற்காற்று பிற்பகலில் வலுப்பெறுதல் இயல்பு. ஆகவே காலையில் அமைதியாயுள்ள கடல் மாலைக்குப் பிணை ஆகாது.

தெளிந்த வானத்தின் கீழும் கடல் கொந்தளிப்பதேன் என மாணவர் வினவலாம். அலை இரு திறத்தது. அவ்விடத்துக் காற்றால் எழுவது ஒன்று. நெடுந்தூரத்துப் புயலிலே பிறந்து உருண்டுவரும் நீண்ட அலை மற்றொன்று. பன்னிரண்டு செக்கனுக்கு ஒருமுறை எழும் அத்தகைய அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு ஏறக்குறைய 34 கிலோமீற்றர் செல்லும். ஒருநாளில் 800 கிலோமீற்றருக்கு மேற் கடக்கும். வங்காள விரிகுடாவின் நடுவே நேற்று வீசிய புயலின் அலை, மேகமற்ற இன்றைய காலையிலே எமது கரையை அடிக்கலாம். புயலைக் காணாதவர் அலையைக் கண்டு வியப்பது இயல்பே.

காற்றின் வலியையும் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். காற்றின் வேகம் இருமடங்காயின் அதன் விசை நான்கு மடங்காகும் என்பது பௌதிகவிதி. 200 மீற்றர் நீளமும் நீர்மேல் 30 மீற்றர் உயரமுங் கொண்ட கப்பலின் பக்கம் 6,000 சதுர மீற்றர் பரப்புடையது. செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் வீசுங் காற்று அப்பக்கத்தை ஏறக்குறைய 36 தொன் நிறையளவு விசையால் தள்ளும். வேகம் 20 மீற்றர் ஆயின் அவ்விசை 140 தொன்னைத் தாண்டும். பொருட்கப்பல் நீரில் ஆழ்ந்து செல்வது. உல்லாசக் கப்பலோ நீர்மேல் மாடிவீடுபோல் உயர்ந்து நிற்பது. பாய் விரியாத பாய்க்கப்பல் என அதனைக் கூறினும் தகும். அதனை ஜெட்டியிலே மெல்ல அணைப்பதற்குக் காற்றின் இசைவு வேண்டும்.

இவ்விடத்தே எமது துறைமுகத்தின் சிறப்பை எண்ணி நாம் பெருமிதங் கொள்ளலாம். உட்துறைமுகம் ஏறக்குறைய 1,630 ஹெக்டேயர் நீர்ப்பரப்புடையது. அதன் வாயிலோ ஏறக்குறைய 500 மீற்றர் அகலமே உடையது. குன்றுகளால் சூழப்பெற்ற அதனுள் வெளிக்கடலின் அலை புகுவதரிது. வாடைக்காலத்திலே சோழமண்டலக் கரையில் நிற்கவியலாத போர்க்கப்பல்கள் இங்கே அடைக்கலம் பெற்றன. 1782ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து இத்துறையைக் கவர்ந்ததும், அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலேயே பிரெஞ்சுத் தளபதி சுப்ரேன் அதனை அவர்களிடமிருந்து பறித்ததும் இக்காரணம் பற்றியே. உள்ளே வந்துவிட்ட கப்பலுக்கு இது தாய்மடி போன்றது.

அங்ஙனமாயின் இங்கும் உலாக்கள் இரத்தாவதேன்? முதலாவது, கப்பல் உள்ளே வருதல் வேண்டுமே! துறைமுகத்தின் நீர்வழியை அறிந்த பைலட் வெளியே சென்று, ஓடும் படகிலிருந்து கயிற்றேணியைப் பற்றிக் கப்பலில் ஏறுகிறார். அவர் ஏறும் உயரம் ஒன்பது மீற்றர்வரை இருக்கலாம். வெளிக்கடலில் அலை மிகின் அவர் ஏறவியலாது. அவர் ஏறாவிடின் கப்பல் உள்ளே வரவியலாது. தாய்மடி இருந்தும் வாயிலிற் காத்திருக்கும் நிலை இது.

இரண்டாவது, பருவத்தின் முரண். எமது முன்னோர் காற்றுக்கு வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனப் பெயரிட்டு வாழ்வை வகுத்தனர். இப்பகுதியில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை பெய்யும்; கடலுங் கொந்தளிக்கும். 1964ஆம் ஆண்டு டிசெம்பரிலே இலங்கையின் வடபாகத்தைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த புயலும், 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவிலே திருக்கோணமலைக்கு வடக்கே கரைகடந்த 'புரேவி' புயலும் இப்பருவத்தனவே. மே முதல் செப்டெம்பர் வரையோ எமது கடல் பெரிதும் அமைதியுறும். ஆனால் உலகஞ்சுற்றும் பெரிய உல்லாசக் கப்பல்கள் அக்கோடைமாதங்களில் மத்தியதரைக் கடலிலும் வட ஐரோப்பாவிலும் உலவுகின்றன. அங்கே குளிர்காலம் பிறந்தபின்னரே அவை எமது பக்கந் திரும்புகின்றன. விருந்தினர் வருங்காலமும் வீட்டில் மழை பெய்யுங் காலமும் பெரிதும் ஒன்றாய் அமைந்துவிட்டன. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருக்கோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளை நோக்கிப் புறப்பட்ட 'எம்பிரஸ்' கப்பலின் பயணம் இவ்வகையிற் கருதத்தக்கது. அண்டை நாட்டிலிருந்து வருங் கப்பல் ஐரோப்பியப் பருவத்துக்குக் கட்டுப்பட வேண்டுவதில்லை. எமது நல்ல காலத்திலேயே அது வரலாம்.

மூன்றாவது, கப்பல் அமைதியான உட்துறையில் நின்றாலும், உலாவுக்குரிய இடம் அமைதியாயிருத்தல் வேண்டும். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாக்கப்பட்டது. கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரமே ஆயினும் அங்கே சிறுபடகிற்றான் செல்லல் வேண்டும். அக்கடல் வெளிக்கடல். திமிங்கிலங் காணச் செல்வதும் அவ்வாறே. துறைமுக வாயிலை அணுகியே ஆழ்ந்த கடற்பள்ளத்தாக்கு இருப்பதால் திமிங்கிலங்கள் கரைக்கு அண்மையில் உலவுகின்றன; ஆயினும் அவற்றைக் காணக் கடலின் இசைவு வேண்டும். ஆதலின் ஒரே கப்பலில் வந்தோருள், கோணேசர் கோயிலுக்குச் செல்வோரின் உலா நடைபெற, புறாத்தீவுக்குச் செல்வோரின் உலா மாத்திரம் இரத்தாதல் கூடும். இது பாரபட்சமன்று.

நான்காவது, காலக்கணக்கு. திருக்கோணமலையிலிருந்து கந்தளாய், ஹபறணை வழியாகச் சிகிரியா ஏறக்குறைய நூறு கிலோமீற்றர். பஸ் வண்டியிற் போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி, குன்றேறி இறங்க மூன்று மணி எனக் கொள்ளின், எட்டு மணிநேரம் ஆகின்றது. காலை 7 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குப் புறப்படுங் கப்பலுக்குப் பத்து மணிநேரமே உண்டு. அதிலும் குடிவரவுச் சோதனைக்கு ஒருமணி, புறப்படுமுன் அனைவரும் ஏறிவிடுதற்கு ஒருமணி கழிக்க, எஞ்சுவது எட்டே மணி. கப்பல் ஒருமணி தாமதித்தாற் சிகிரியா உலா இல்லை. நோயாளி ஒருவரைக் கரைசேர்க்க வழியில் திரும்பியிருந்தாலும், எதிர்க்காற்றில் வேகங் குறைந்திருந்தாலும் அத்தாமதம் நேரும். நகரினுள் அமைந்த உலா மாத்திரம் தப்பிப் பிழைக்கும்.

ஐந்தாவது, அனுமதி. அயல்நாட்டிலிருந்து வருங் கப்பல் மஞ்சட் கொடியை ஏற்றி, தான் நோயற்றிருப்பதைத் தெரிவித்துச் சுகாதார அனுமதி வேண்டும். அவ்வனுமதி கிடைக்குமுன் எவரும் இறங்கலாகாது. 2020ஆம் ஆண்டு பெப்ரவரியிலே 'வெஸ்டர்டாம்' என்னுங் கப்பலைப் பல நாடுகள் நோயச்சத்தால் மறுத்தன. ஈற்றிலே கம்போடியாவின் சிகனூக்வில் துறை அதனை ஏற்றுக்கொண்டது. கரையின் நிலையும் இத்தகையதே. 2019 ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுவெடிப்புக்களின் பின்னர் இந்நாட்டுக்கு வருதற்கே பயணிகள் அஞ்சினர். 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே எரிபொருள் நிலையங்களில் மக்கள் நாட்கணக்கிற் காத்துநின்றதை மறந்தார் யார்? பஸ் ஓடாத நாட்டிலே கடல் அமைதியாயிருந்தும் பயனென்ன? இவையன்றி, உலாவுக்குப் பெயர் கொடுத்தோர் மிகச் சிலராயின் செலவு கட்டாதென அதனைக் கைவிடுதலும் உண்டு. இவ்வொன்றை மாத்திரம் கடலின்மேற் பழிபோட்டு மறைத்தலாகாது.

நேற்றே சொல்லாததேன் என்ற வினாவுக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. பைலட் ஏறும் வேளையின் அலையும், ஜெட்டியை அணையும் வேளையின் காற்றும், சுகாதார உத்தியோகத்தரின் சொல்லும் அவ்வவ்வேளையிலேயே திட்டமாகத் தெரிவன. முன்னறிவிப்பைக் கண்டு அஞ்சி முதல்நாளே மறுப்பாராயின், கடல் அடங்கிவிட்ட எத்தனையோ காலைகளையும் வீணே இழக்க நேரும். கடைசிவரை காத்திருத்தல் பயணிகளுக்கும் ஊராருக்கும் வாய்ப்பளிப்பதற்கேயாம்.

எனினும் அம்முடிபின் நட்டம் யாரைச் சாருகின்றது என்பதை நாம் எண்ணாதிருத்தலாகாது. கப்பற் கம்பனியாரிடம் வாங்கிய உலா இரத்தாயின், பயணிக்குப் பெரும்பாலும் பணம் மீளும். தாமே ஒழுங்குசெய்தவர்க்கு அவரவர் செய்த உடன்பாட்டின்படியே கிடைக்கும். ஆனால் விடியுமுன் வந்து நின்ற முச்சக்கர வண்டிக்காரருக்கும், இளநீர் வெட்டக் காத்திருந்தவருக்கும் யார் ஈடு செய்வார்? கடலைக் குறைகூறிப் பயனில்லை. எமது ஒழுங்கைத் திருத்தலாம். வாய்ச்சொல்லை நம்பாது, இரத்தாயின் ஆயத்தச் செலவுக்கு ஒரு பங்கேனும் உண்டென எழுதிக்கொள்ளும் வழக்கம் படகுக்காரரிடமும் வண்டிக்காரரிடமும் வேரூன்றல் வேண்டும். வெளிக்கடல் உலா ஒவ்வொன்றுக்கும் மாற்றாகக் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, பிரெடெரிக் கோட்டை, கடல்சார் வரலாற்று நூதனசாலை, நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானம் முதலிய அண்மை இடங்களைக் கொண்ட இரண்டாம் ஒழுங்கொன்று எப்போதும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். வரலாறும் மொழியும் கற்ற இளைஞர் அவ்வுலாவை நடத்தவல்லர். எமது மாணவர்க்கு இது நல்லதொரு தொழில்வழியுமாகும். துறைமுகத்திலிருந்து வருஞ் செய்தி வழிகாட்டிக்குக் கிட்டும் அதே வேளையிற் படகுக்காரருக்குங் கிட்டுமாயின், அரைநாளேனும் அவருக்கு மிஞ்சும்.

அடுத்தமுறை கப்பலின் மேற்றளத்தில் நின்று கோணமலையைக் கண்டும் காலூன்ற இயலாது திரும்பும் அன்பர் எவரேனும் இருப்பின், அவர் சினங் கொள்ளற்க. கொட்டியாரக் கரையில் இறங்கிய றொபேட் நொக்ஸ் தம் கப்பலில் தாயகம் திரும்பிலர். அவர் இழந்த இருபது ஆண்டுகளோடு ஒப்பிடின் நாம் இழப்பது ஒருநாள். அன்று கரையில் வெறுங்கையோடு வீடு திரும்புவோரையும் அவர் நினைத்துக்கொள்வாராக. சுவாமிமலை அங்கேயே நிற்கும். உட்துறைமுகமும் அவ்வாறே காத்திருக்கும். எமது கல்லூரியிலிருந்து உலகெங்கும் சென்ற மாணவரை நோக்கியும் நாம் சொல்வது இதுவே: போய்வாருங்கள்.